காவல் கடைச்சரக்கானால் நியாயம் யாருக்கு?

(பகுத்தறிவுப் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரசாங்கம் என்பதே இல்லாத ஒரு சமூகத்தில் திருட்டு, கொலை, அடிதடி இவைகளைத் தடுக்கும் காவல் வேலையை யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம் வாலிபத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். கேட்பதற்கு இது வேலையற்றவர்கள் பொழுது போக்குக்காகப் பேசும் விஷயம் போலத் தோன்றலாம். அப்படியல்ல. எவன் கையில் தடி இருக்கின்றதோ அவன் சொல்லுவதே நியாயம் என்று ஆகிவிடாமல் எப்படிப் பார்த்துக் கொள்ளுவது என்பதுதான் இதன் உட்பொருள். அடிபட்டே பழகிய நம் போன்ற மக்களுக்கு இதைவிட அவசரமான விஷயம் வேறு என்ன இருக்க முடியும்?

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகின்றேன். நான் சொல்லுவதில் எதையும், இவன் மேடையில் நின்று சொல்லுகின்றான் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அங்கங்கே வருஷத்தையும் இடத்தையும் சொல்லிக் கொண்டே போகின்றேன். தேடிப் பாருங்கள், படித்துப் பாருங்கள், பிறகு உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகின்றதோ அதைக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளுங்கள்.

சர்க்காரை வெறுப்பது தப்பா?

முதலாவதாக, சர்க்கார் வேண்டாம் என்ற எண்ணம் சிலருக்கு ஏன் வருகின்றது என்று பார்க்க வேண்டும். அது வெறும் குறும்பு எண்ணமல்ல. அரசனைத் தெய்வத்தின் அம்சம் என்று புராணக்காரர்கள் எழுதி வைத்தார்கள். அரசன் புரோகிதனுக்கு நிலம் கொடுத்தான். புரோகிதன் அரசனுக்குத் தெய்வத்தன்மை கொடுத்தான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நஷ்டப்பட்டவன் உழுதவன் ஒருவனே. இதை அறிந்த எவனும் சர்க்காரைக் கையெடுத்துக் கும்பிட மாட்டான்.

வெள்ளைக்காரன் சர்க்கார் மாத்திரம் என்ன செய்தது? 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைத் திருடர்கள் என்று பதிவு செய்து, இரவில் ஊரை விட்டு வெளியே போகக் கூடாதென்று கட்டிப் போட்டது. பிறப்பினால் ஒருவன் பூதேவன், பிறப்பினால் ஒருவன் தீண்டாதவன் என்று மனு எழுதியதற்கும், பிறப்பினால் ஒருவன் திருடன் என்று துரை எழுதியதற்கும் என்ன வித்தியாசம்? 1911-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மாட்டோம் என்று நின்ற ஜனங்கள் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 15-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல். இந்தியா முழுவதும் ஒழிந்தது 1952-ல்.

அது அந்நியன் காலம் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் வழியில்லை. 2020-ல் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் தகப்பனும் மகனும் அடிக்கப்பட்டுச் செத்தது நம்முடைய சர்க்கார், நம்முடைய போலீஸ், நம்முடைய வரிப்பணம் இருக்கும்போதுதான். ஆகவே, "இந்தப் போலீசு நமக்கு வேண்டியதில்லை" என்று ஒரு வாலிபன் சொன்னால் அவனைப் பார்த்து நான் கோபிக்க மாட்டேன். ஆனால், "அப்படியானால் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறாய்?" என்று கேட்பேன். ஒரு மூடநம்பிக்கையை விட்டவன் அந்த இடத்தில் மற்றொரு மூடநம்பிக்கையைக் கொண்டு வந்து வைத்துக் கொள்ளக் கூடாது பாருங்கள்.

அவர்கள் சொல்லும் திட்டம்

அரசு தானாக உதிர்ந்து போகும் என்று சொல்லும் பொதுவுடைமைக்காரர் திட்டம் வேறு. அவர்கள் முதலில் சொத்து வித்தியாசத்தை ஒழிக்க வேண்டும் என்கின்றார்கள். நான் இப்போது பேசப் போவது, சொத்து இருக்கட்டும், வியாபாரம் இருக்கட்டும், அரசு மாத்திரம் போகட்டும் என்கின்றவர்களைப் பற்றி. பெல்ஜியத்தில் பிறந்த குஸ்தாவ் தெ மொலினாரி என்பவர் பாரிஸ் நகரத்துப் பொருளாதாரப் பத்திரிகை ஒன்றில் 1849-லேயே இதை எழுதினார். அமெரிக்காவில் மர்ரே ராத்பார்டு, டேவிட் ஃப்ரீட்மன் என்ற இருவரும் 1973-ல் ஆளுக்கொரு புத்தகம் போட்டு இதை விரித்தார்கள்.

அவர்கள் சொல்லுவது என்ன? அரிசிக்கு ஒரே கடைதான் உண்டு, எல்லோரும் அங்கேதான் வாங்க வேண்டும் என்றால் அரிசி புழுத்துப் போகும், விலையும் ஏறும். காவலும் அப்படித்தான். ஆகவே காவல் கம்பெனிகள் பல இருக்கட்டும். அவரவர் தமக்குப் பிடித்த கம்பெனிக்குச் சந்தா கட்டட்டும். என் வீட்டில் திருட்டுப் போனால் என் கம்பெனி கண்டுபிடித்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் நஷ்ட ஈடு கொடுக்கும். என் கம்பெனிக்கும் உன் கம்பெனிக்கும் தகராறு வந்தால், சண்டை போடுவது இருவருக்கும் செலவு. ஆகவே முன்னதாகவே ஒரு மத்தியஸ்தரை ஏற்படுத்திக் கொள்ளுவார்கள். மத்தியஸ்தர் ஓரவஞ்சனை செய்தால் அவரிடம் யாரும் போக மாட்டார்கள். ஆகவே அவரும் யோக்கியமாக இருப்பார். இதுதான் திட்டம்.

இதைக் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. படித்தவர்கள் யோசித்துச் சொன்னது. கேட்பதற்கு ஒழுங்காகவும் இருக்கின்றது. ஆனால் கேட்பதற்கு ஒழுங்காக இருப்பது மோட்ச லோகக் கதைதானே! நாம் அனுபவத்தை அல்லவா பார்க்க வேண்டும்?

அடிபடுகிறவன் வாடிக்கைக்காரன் அல்ல

அனுபவத்துக்குப் போவதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. கடைக்காரன் எனக்கு எடை குறைத்தால் நான் அடுத்த கடைக்குப் போவேன். ஆகவே கடைக்காரனுக்கு என்னிடம் ஒரு பயம் இருக்கின்றது. சரி. ஆனால் பண்ணையார் சந்தா கட்டிய காவல் கம்பெனிக்காரன் வந்து பண்ணையாளை அடிக்கின்றான் என்று வைத்துக் கொள்ளுங்கள். பண்ணையாள் எந்தக் கடைக்குப் போவான்? அவன் அந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரனே அல்லவே! வாடிக்கைக்காரன் பண்ணையார், அவருக்குப் பரம திருப்தி. அரிசிக் கடையில் சரக்கை வாங்குகிறவனும் சாப்பிடுகிறவனும் ஒருவன். காவல் கடையில் சரக்கை வாங்குகிறவன் ஒருவன், அந்தச் சரக்கை முதுகில் வாங்குகிறவன் மற்றொருவன். இந்த வித்தியாசத்தை அரிசிக்கடை உதாரணம் மறைத்து விடுகின்றது.

பண்ணையாளும் ஒரு கம்பெனிக்குச் சந்தா கட்டட்டுமே என்பார்கள். எவ்வளவு கட்டுவது? இன்ஷியூரன்ஸ் கம்பெனி எதைப் பார்த்துச் சந்தா போடுகின்றது? ஆபத்து அதிகமானால் சந்தாவும் அதிகம். சேரியில் குடியிருப்பவன் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்ற ஆபத்து அதிகம். மாளிகையில் இருப்பவனுக்கு ஆபத்துக் குறைவு. ஆகவே அடிக்கடி அடிபடுகிறவன் அதிகச் சந்தாவும், அடிக்கின்றவன் குறைந்த சந்தாவும் கட்ட வேண்டியதாகும். இதுதான் வியாபாரக் கணக்கு. இதில் கம்பெனிக்காரன் கெட்டவன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவன் யோக்கியமாகக் கணக்குப் போட்டாலே இப்படித்தான் வரும்.

சண்டை போட்டால் செலவு, ஆகவே கம்பெனிகள் சமாதானமாகப் போகும் என்கின்றார்கள். நிச்சயமாகப் போகும். ஆனால் யார் தலையில் கையை வைத்துச் சமாதானமாகப் போகும்? ஆயிரம் சந்தாதாரரை வைத்திருக்கின்ற கம்பெனி, பத்து ரூபாய்ச் சந்தாக்காரன் ஒருவனுக்காகப் பெரிய கம்பெனியோடு மல்லுக்கு நிற்குமா? அவன் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேறு இடம் பார்" என்று சொல்லுவதுதான் அதற்கு லாபம்.

அய்ஸ்லாந்து தேசத்து அனுபவம்

அரசன் இல்லாமலேயே ஜனங்கள் வாழ்ந்ததற்கு இந்தத் தத்துவக்காரர்கள் அதிகமாக எடுத்துக் காட்டுவது அய்ஸ்லாந்து தேசத்தைத்தான். நார்வேயிலிருந்து போய்க் குடியேறியவர்கள் சுமார் 930-ல் ஆல்திங் என்ற சபையை ஏற்படுத்திக் கொண்டார்கள். அங்கே அரசன் இல்லை, பட்டாளம் இல்லை, போலீஸ் இல்லை. சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லுகின்ற ஒரு உத்தியோகஸ்தர் உண்டு. அவர் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை வருஷா வருஷம் சபையில் சொல்லுவார். வழக்குகளை விசாரிக்கக் கோர்ட்டுகளும் உண்டு. ஆனால் தீர்ப்பை நிறைவேற்றுவது யார்? ஜெயித்தவனே நிறைவேற்றிக் கொள்ள வேண்டும்!

ஏழை ஜெயித்தால் என்ன செய்வான்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தன் வழக்கை வலுவுள்ளவனிடம் விட்டுவிடலாம். அந்த வலுவுள்ளவன் நஷ்ட ஈட்டை வசூல் செய்து கொள்ளுவான். ஒவ்வொரு குடியானவனும் கோதி என்ற ஒரு தலைவனைப் பின்பற்ற வேண்டும்; ஆனால் தனக்குப் பிடித்த தலைவனைத் தெரிந்தெடுத்துக் கொள்ளலாம். தலைமைப் பதவியை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைக்கும் வைத்துவிட்டுப் போகலாம். நம் தத்துவக்காரர்கள் சொல்லும் காவல் கம்பெனி இதுதான்.

இது சுமார் 300 வருஷம் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே காலத்து அரசர்கள் ஆண்ட தேசங்களை விட அங்கே கொலை அதிகம் என்று சொல்லுவதற்கும் இடமில்லை. ஆனால் அது எப்படி முடிந்தது என்பதல்லவா விஷயம்?

கோதி என்ற சொல்லுக்கே கடவுள் சம்பந்தப்பட்டவன் என்று பொருள். தலைவனே பூசாரியாகவும் இருந்தான். 1000-ம் வருஷத்தையொட்டி கிறிஸ்தவ மதம் வந்தது. பழைய சாமி போய்ப் புதுச் சாமி வந்ததே தவிர, உண்டியல் அதே ஆள் கையில்தான் இருந்தது. எப்படியென்றால், 1097-ல் கோவில் வரி ஒன்று போட்டார்கள். சொத்துக்கு நூற்றுக்கு ஒன்று. அதில் நாலில் ஒரு பங்கு பிஷப்புக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கு; பாக்கி இரண்டு பங்கு பாதிரிக்கும் கோவில் கட்டிடத்துக்கும். அந்தக் கோவிலோ தலைவனுடைய சொந்தச் சொத்து! ஆகவே அந்த இரண்டு பங்கும் பெரும்பாலும் அவன் வீட்டுக்கே போயிற்று. பிடிக்காத தலைவனை விட்டு வேறு தலைவனிடம் போகலாம் என்பது பழைய சட்டம். ஆனால் கோவில் வரி ஆளைத் தொடர்ந்து போகவில்லை. அது இடத்தோடு ஒட்டிக் கொண்டது. மதத்தின் பேரால் வந்த இந்தப் பணம் தலைவர்களில் சிலரைப் பெருக்க வைத்தது.

13-ம் நூற்றாண்டுக்குள் 39 தலைமைப் பதவிகளில் பெரும்பாலானவை அய்ந்தாறு குடும்பங்களின் கைக்குள் போய்விட்டன. பிறகு குடும்பத்துக்குக் குடும்பம் யுத்தம். 1238-ல் ஓர்லிக்ஸ்ஸ்டாதிர் என்ற இடத்தில் பெருஞ்சண்டை நடந்தது. ஸ்னோரி ஸ்டுர்லூசன் என்று ஒருவர்; பெரிய கல்விமான்; சட்டம் சொல்லும் உத்தியோகத்தை இரண்டு தடவை பார்த்தவர். 1241-ல் எதிரி கூட்டத்தார் அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து, நிலவறையில் வைத்து அவரைக் கொன்றார்கள். சட்டம் சொன்னவருக்கே சட்டம் துணைக்கு வரவில்லை! கடைசியில் 1262 முதல் 1264 வரையில் அந்த ஜனங்கள் நார்வே தேசத்து அரசனுக்கு வரி கட்ட ஒப்புக் கொண்டு அடங்கினார்கள். அரசன் வேண்டாம் என்று ஓடிப் போனவர்களுடைய சந்ததியார், தங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் சண்டை தாங்காமல் அதே தேசத்து அரசனை ஏற்றுக் கொண்டார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய பாடம்!

நம் நாட்டுக் காவல் முறை

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் கூலிக்குக் காவல் என்பது நம் பாட்டன் காலத்திலும் இருந்ததுதான். ஊருக்கு ஒரு காவல்காரன். வீட்டுக்கு இவ்வளவு, களத்துக்கு இவ்வளவு நெல் என்று அவனுக்குச் சுதந்திரம். திருட்டுப் போனால் அவன் கண்டுபிடித்துத் தர வேண்டும். இல்லையானால் ஈடு கொடுக்க வேண்டும். 1973-ல் அமெரிக்கக்காரர் புத்தகத்தில் எழுதியது நம் கிராமத்தில் நெல்லளந்து நடந்திருக்கின்றது. இந்த ஏற்பாட்டில் யோக்கியமாக நடந்து, சொன்ன சொல் தவறாமல் ஈடு கொடுத்தவர்களும் உண்டு. ஒரு ஜாதியாரையே திருடர் என்பது வெள்ளைக்காரன் கட்டிய பொய். நான் குற்றம் சொல்லுவது ஆளையல்ல, ஏற்பாட்டை.

ஏற்பாட்டில் என்ன குற்றம்? காவலுக்குக் கூலி எப்போது கிடைக்கும்? திருட்டுப் பயம் இருந்தால்தான் கிடைக்கும். பயமே இல்லாத ஊரில் எவன் நெல் அளப்பான்? ஆகவே, "எனக்குக் காவல் வேண்டாம்" என்று சொன்ன ஊரில் மாடு காணாமல் போகும். மாட்டுக்காரன் அலைவான். ஒருவன் வந்து, "துப்புக் கூலி இவ்வளவு கொடுத்தால் மாடு கிடைக்கும்" என்பான். கொடுத்தால் மறுநாள் காலையில் மாடு ஏதோ ஒரு மரத்தடியில் கட்டியிருக்கும்! 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு ஒழியவில்லை. 1896-ல் திண்டுக்கல் பக்கத்தில் குடியானவர்கள் கூடி, இனி காவல்காரன் வேண்டாம் என்று கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். சந்தாவை நிறுத்துவது என்றால் கடையை மாற்றுவது போலச் சுலபமாக முடிந்ததா? இல்லை. வீடுகள் எரிந்தன, குற்றமற்ற குடும்பங்களும் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. காவல் கடையின் கணக்கை முடித்துக் கொள்ளுவது நெருப்பில் போய்த்தான் முடிந்தது.

இது தமிழன் குணம் என்று எவனாவது சொன்னால் அவனை லண்டனுக்கு அனுப்புங்கள். அங்கே 1829-க்கு முன்னால் நகரம் முழுமைக்கும் பொதுப் போலீஸ் கிடையாது. வழிப்பறிக்காரனைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் தலைக்கு 40 பவுன் இனாம் என்று சட்டம் இருந்தது. ஜோனதன் வைல்டு என்பவன் இதையே தொழிலாக வைத்துக் கொண்டான். தன் ஆட்களை விட்டே திருடச் சொல்லுவான். பறிகொடுத்தவனிடம் கூலி வாங்கிக் கொண்டு பொருளைத் திருப்பிக் கொடுப்பான். தனக்கு அடங்காத திருடனைப் பிடித்துக் கொடுத்து 40 பவுன் வாங்குவான். திருடர் பிடிக்கும் ஜெனரல் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக் கொண்டான்! 1725-ல் அவனையே தூக்கில் போட்டார்கள். மதுரையில் துப்புக் கூலி, லண்டனில் 40 பவுன். ஜாதியும் வேறு, மதமும் வேறு, தேசமும் வேறு. ஆனால் ஏற்பாடு ஒன்று, பலனும் ஒன்று.

முதலாளியின் காவல்

அமெரிக்காவில் பிங்கர்ட்டன் கம்பெனி என்று 1850-ல் ஆரம்பித்த தனியார் காவல் கம்பெனி ஒன்று உண்டு. 1892 ஜூலை 6-ந் தேதி பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற ஊரிலுள்ள கார்னிகி இரும்பாலையில் தொழிலாளர் தகராறின்போது, சுமார் 300 பிங்கர்ட்டன் ஆட்களைத் துப்பாக்கியோடு படகுகளில் ஏற்றி ஆற்று வழியாக இறக்கினார்கள். இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. இனிமேல் அந்தக் கம்பெனி ஆட்களைச் சர்க்கார் வேலைக்கு வைக்கக் கூடாதென்று அமெரிக்கக் காங்கிரஸ் 1893-ல் சட்டமே செய்தது. பிறகு வந்த சர்க்கார் பட்டாளமும் முதலாளி பக்கம்தான் நின்றது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் சர்க்கார் அப்படி நின்றபோது, "நீ எல்லோருக்கும் பொது என்றாயே, ஏன் ஒரு பக்கம் நின்றாய்?" என்று கேட்பதற்குத் தொழிலாளிக்கு ஒரு வாய் இருந்தது. பிங்கர்ட்டனைப் பார்த்து அப்படிக் கேட்க முடியுமா? "நான் எப்போது உனக்குப் பொது என்று சொன்னேன்? பணம் கொடுத்தவன் அவன்" என்பான். அவன் பதில் ஒழுங்கான பதில்! அதுதான் ஆபத்து.

ஊர் விலக்கு என்னும் ஆயுதம்

துப்பாக்கியே வேண்டாம், கெட்டவனோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக் கொள்ளாவிட்டால் அவன் தானாகத் திருந்துவான் என்று இந்தத் தத்துவக்காரர்களில் சாதுக்கள் சொல்லுகின்றார்கள். அதாவது ஊர் விலக்கு. இதைப் பற்றி நமக்கு யாராவது பாடம் சொல்ல வேண்டுமா? கிணற்றில் தண்ணீர் இல்லை, வண்ணான் இல்லை, நாவிதன் இல்லை, கடையில் சாமான் இல்லை, வயலில் வேலை இல்லை என்று எத்தனை தலைமுறையாக எத்தனை லக்ஷம் பேரை விலக்கி வைத்தார்கள்! கெட்டவனையா விலக்கினார்கள்? செருப்புப் போட்டவனை விலக்கினார்கள்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதி நாட்டார்கள் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்க நகை, வெள்ளி நகை போடக் கூடாது. சட்டை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக் கூடாது. தலைமயிரைக் கிராப்பாக வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேல் துணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினால் குடிசை எரிந்தது, தானியம் போயிற்று, ஆடு மாடு போயிற்று. 1931-ல் இந்தத் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின. இதைச் செய்தது சர்க்காரா? இல்லை. எழுதிய சட்டமா? இல்லை. அரசு இல்லாமலேயே, ஊர் கூடிப் போட்ட கட்டளை. ஊர் கூடியே நிறைவேற்றிய தண்டனை. அரசற்ற காவல் எப்படியிருக்கும் என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளட்டும்.

ஆகவே தோழர்களே! நம் நாட்டில் சர்க்கார் போய்விட்டால் அங்கே வெற்றிடம் இருக்கப் போவதில்லை. ஜாதி இருக்கின்றது. பஞ்சாயத்து நாற்காலியில் மீசையை முறுக்கிக் கொண்டு உட்காருவதற்கு அது எப்போதும் தயார். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கின்றார்களே, அதுதான் அரசற்ற ஊரின் முதல் சட்டம். தம்பி இல்லாதவன், சொந்த ஜாதிக் கூட்டம் இல்லாதவன், ஜாதி விட்டுக் கலியாணம் செய்து கொண்டவன், விதவையான பெண், இவர்களெல்லாம் எந்தப் படையை நம்புவது?

மதம் கையில் எடுக்கும் தடி

ஜாதி இல்லாத தேசத்தில் குலம் இருக்கின்றது, மதம் இருக்கின்றது. சோமாலியாவில் 1991-ல் சர்க்கார் கவிழ்ந்தது. வியாபாரிகள் ஆளுக்குக் கொஞ்சம் துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு வைத்துக் கொண்டார்கள். பழைய குல வழக்கப்படி இரத்தப்பணம் நடந்தது. ஆண் உயிர் போனால் 100 ஒட்டகம், பெண் உயிர் போனால் 50 ஒட்டகம்! பெரிய குலத்தானைத் தொட்டால் அவன் குலம் முழுவதும் வந்து வசூலிக்கும். ஆயுதமில்லாத சிறுபான்மைக் குடியானவர்களின் ஆற்றங்கரை நிலத்தைப் பறித்துக் கொண்டாலோ, அவர்களுக்காக வந்து கேட்பவன் இல்லை. கடைசியில், கூலித் துப்பாக்கிக்காரர்களின் தொல்லை தாங்காத மொகதிஷு வியாபாரிகளே மதக் கோர்ட்டுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். 2006 ஜூனில் அந்தக் கோர்ட்டுகள் நகரத்தையே பிடித்துக் கொண்டன. கொஞ்ச நாள் அமைதியும் கிடைத்தது. ஆனால் சினிமாக் கொட்டகையை மூடு, பாட்டை நிறுத்து என்ற உத்தரவுகளும் கூடவே வந்தன. திருடனைப் பிடிக்க முல்லாவைக் கூப்பிட்டால் அவன் திருடனோடு நிறுத்திக் கொள்ளுவானா? முல்லாவுக்குச் சொல்லுவது பாதிரிக்கும் அய்யருக்கும் சேர்த்துத்தான்.

இன்றைக்கு நம் வாசலில்

இதெல்லாம் தூர தேசத்துச் சங்கதி என்று எண்ணாதீர்கள். நம் பட்டணங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலைப் பாருங்கள். 2005-ல் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் செய்ய வேண்டிய அளவுக்கு அந்த வியாபாரம் வளர்ந்துவிட்டது. அந்த வாசலில் நிற்பவர் யாரை நிறுத்துகின்றார்? காரில் வருகின்றவனுக்குச் சலாம் வைக்கின்றார். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பையைத் திறந்து பார்க்கின்றார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவரே 12 மணி நேரம் கால்கடுக்க நின்று சொற்பச் சம்பளம் வாங்கும் ஏழை. யாரைச் சந்தேகிப்பது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. சந்தா கட்டியவர்கள் தீர்மானித்தார்கள். ஒரு ஏழையைக் கொண்டு மற்றொரு ஏழையைச் சோதிப்பதுதான் கூலிக் காவலின் சாமர்த்தியம். அங்கே இன்னும் சர்க்கார் என்று ஒன்று மேலே இருப்பதால் பையைப் பார்ப்பதோடு நிற்கின்றது. அதுவும் இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும்?

அப்படியானால் என்ன செய்வது?

"எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? போலீசும் அடிக்கின்றது, கம்பெனியும் அடிக்கும்" என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்விதான். என்னுடைய அபிப்பிராயம் என்னவென்றால், அடிப்பதில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். அடித்த பிறகுதான் வித்தியாசம்.

சாத்தான்குளத்தில் அடித்த போலீஸ்காரர்கள் மீதே கொலை வழக்கு வந்தது. மாஜிஸ்திரேட் போய் விசாரித்தார். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் போலீஸ் சாட்சி சொன்னார். எதனால் முடிந்தது? அந்தத் தடி பொதுப் பணத்தில் வாங்கிய தடி, அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஏட்டில் ஒரு விதி இருப்பதனால் முடிந்தது. கைது செய்தவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டுமென்று 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 22-வது பிரிவில் சொல்லுகின்றது. கைது செய்யும்போது குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் சொல்லியிருக்கின்றது. போலீசின் மீது வரும் புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டுமென்று 2006-ல் சொல்லியிருக்கின்றது. ஜாதியின் பேரால் கொடுமை செய்தால் தண்டிக்க 1989-ல் தனிச் சட்டம் வந்தது. இவைகளில் எத்தனை சரியாக நடக்கின்றன என்று கேட்டால் தலைகுனிய வேண்டியதுதான். ஆனால் நடக்காததை நடத்து என்று கேட்பதற்கு ஒரு பிடி இருக்கின்றது. ஒரு காசும் சந்தா கட்டாத குப்பனுக்கும், கோடீஸ்வரனுக்கும் அந்தப் பிடி ஒன்றுதான். காவல் கடைச்சரக்கானால் அந்தப் பிடி கழன்று விடும். பிறகு வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

ஆகையால், சர்க்காரைக் கும்பிடாதீர்கள். ஆனால் விட்டும் விடாதீர்கள். அது சாமியுமல்ல, பேயுமல்ல. நம் பணத்தில் செய்த கருவி. கருவி கையைக் கிழித்தால் அதைத் தீட்டிச் சரி செய்ய வேண்டுமே தவிர, அடுத்த வீட்டுப் பணக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

நீங்கள் ஒவ்வொருவரும் செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஒரு ஏழையைப் போலீஸ் அழைத்துக் கொண்டு போனால், நாலு பேராகக் கூடப் போங்கள். என்ன குற்றம், எத்தனை மணிக்குக் கைது, யார் கையெழுத்து என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தை எண்ணுங்கள். ஜாதி பார்த்து, கட்சி பார்த்துப் போகாதீர்கள். தன் ஜாதிக்காரனுக்கு மாத்திரம் போனால் அது தம்பி உடையான் படைதான். எவனுக்கும் போனால்தான் அது பொதுக் காவல். சர்க்கார் இருந்தாலும் சரி, ஒரு காலத்தில் சர்க்கார் இல்லாமலே வாழும் அறிவு மனிதனுக்கு வந்தாலும் சரி, நமக்குச் சம்பந்தமில்லாதவன் அடிபடும்போது போய் நிற்கின்ற பழக்கம் இல்லாத ஊரில் எந்தத் திட்டமும் பலிக்காது. அந்தப் பழக்கம் உள்ள ஊரில் எந்தத் தடியும் மனம் போனபடி ஓங்காது என்று சொல்லி, சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாக எழுந்து கேட்கும்படி வேண்டி முடித்துக் கொள்ளுகின்றேன்.